பெரியம்மா குடிக்காத தண்ணீர்

திம்புள்ளைப் பக்கத்தில் தண்ணீருக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அட்டனிலிருந்து தலவாக்கலைக்குப் போகும் பாதையில் டெவன் அருவியும் சென் கிளயர் அருவியும் வீழ்கின்றன. தோட்டங்களுக்குள்ளே எத்தனையோ பீலிகள் இரவும் பகலும் சலசலத்துக் கொண்டிருக்கின்றன. வைகாசியில் பிடிக்கும் மழை ஆவணி வரையில் மலையை நனைத்தபடியே இருக்கும். இத்தகைய ஊரில் வாழ்ந்த ஒருவர், தாகத்துக்கு ஒரு செம்பு தண்ணீர் குடிக்க அஞ்சி அஞ்சியே காலத்தைக் கழித்து மறைந்தார் என்றால் நம்புவது கடினம். அவர் என் தாயாரின் தமக்கை, எனக்குப் பெரியம்மா.

நான் சிறுமியாயிருந்த காலத்தில், பள்ளி விடுமுறை நாட்களில், சாயத்தண்ணீரைப் போத்தலில் ஊற்றி, மலையில் கொழுந்து பறித்துக் கொண்டிருக்கும் பெரியம்மாவிடம் கொடுத்து வரும்படி அம்மா என்னை அனுப்புவார். பெரியம்மா போத்தலைத் திறந்து உதட்டை மட்டும் நனைத்துக் கொள்வார். எஞ்சியதை அடுத்த நிரையில் நிற்பவளிடம் நீட்டிவிடுவார். "எனக்கு ஆகாதும்மா" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. மழைக்காலம் வந்தால் மட்டும் அவர் முகத்தில் ஒரு தெளிவு காணப்படும். கம்பளியும் படங்கும் சேலையும் எல்லாருக்கும் ஒன்றாக நனைந்திருக்கும் மாதங்கள் அல்லவா அவை! தை, மாசியில் காய்ந்த குளிர் அடிக்கும்போதோ, பெரட்டுக் களத்தில் எல்லாருக்கும் பின்னால், காற்று வீசும் திசையைப் பார்த்து ஒதுங்கி நிற்பார். இலயத்தின் கோடிக் காம்பராவில் தனியே படுத்துறங்குவார். கலியாண வீடுகளுக்கு வரமாட்டார். கோவிலிலும் வாசலுக்கு வெளியே நின்றே கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். "அது குளிர்ந்த உடம்பு" என்று பெரியவர்கள் எங்கள் வாயை அடைத்துவிடுவார்கள்.

உண்மையை, நான் என் முதற் குழந்தையைச் சுமந்திருந்தபோதுதான் அம்மா சொன்னார். அப்போது பெரியம்மா மறைந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. 1967ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், அடைமழையில், பெரியம்மாவுக்குத் தலைப்பிரசவ வேதனை கண்டது. பாதையில் மண் சரிந்திருந்தது. தோட்டத்து மருத்துவச்சி தன்னால் ஆனதையெல்லாம் செய்தாள். மூன்று இரவும் மூன்று பகலும் காம்பராவுக்குள்ளேயே கழிந்தன. நான்காம் நாள் உயிரற்ற குழந்தை பிறந்தது. தாய் பிழைத்தாள் என்று எல்லாரும் ஆறுதல் கொண்டார்கள். ஒரு வாரம் கழித்துப் பாயும் சேலையும் தாமாகவே நனையத் தொடங்கின. அது பின்னர் ஒரு நாளும் நிற்கவில்லை.

இது எப்படி நேர்கிறது என்பதை இங்கே மறைப்பின்றிச் சொல்லிவிடுகிறேன். பிறப்புவழிக்கும் சலப்பைக்கும் இடையே இருப்பது மெல்லிய சுவர். குழந்தையின் தலை வழியில் சிக்கி நாட்கணக்கில் நின்றுவிட்டால், தாயின் இடுப்பெலும்புக்கும் அந்தத் தலைக்கும் நடுவே அகப்பட்டு அச்சுவர் நசுங்குகிறது. இரத்தம் ஓடாத தசை செத்துவிடுகிறது. சில நாட்களில் அது உதிர, அவ்விடத்தில் ஒரு புரைவழி உண்டாகிறது. பின் சலம் சலப்பையில் தங்காமல் பிறப்புவழியாக ஓயாது கசிகிறது. சில வேளைகளில் மலக்குடலின் பக்கத்திலும் இப்படி நேர்வதுண்டு.

மூலம், பவுத்திரம் என்பனவற்றுக்குச் சுவர்தோறும் விளம்பரம் ஒட்டுகிறோம், பத்திரிகையிலும் போடுகிறோம். அவற்றை வாய்விட்டுச் சொல்ல ஆண்மக்கள் கூசுவதில்லை. பெண்ணுக்கு வரும் இந்தப் புரையை மட்டும் "குளிர்ந்த உடம்பு" என்று மூடி வைத்தோம். தமிழில் சொல்ல முடியாத காரியமும் அன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் கற்பித்து, பிரசவ வைத்தியத்தையும் இரண வைத்தியத்தையும் தமிழ் நூல்களாக்கி அச்சிட்டவர். சொல் கிடைத்தது, சொல்லத்தான் ஆள் கிடைக்கவில்லை.

பெரியம்மாவின் கணவர் அடுத்த வருஷமே வேறொருத்தியை மணந்துகொண்டார். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி அவர் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறியபோது, பெரியம்மாவின் பெயர் அவருடைய கடதாசிகளில் இல்லை. கொழும்பிலே டி சொய்சா பிரசவ வைத்தியசாலை 1879இலேயே திறக்கப்பட்டாயிற்று. 1885இலே நானுஓயா வரையில் இரயிலும் வந்துவிட்டது. தலவாக்கலையில் ஏற்றிய தேயிலைப் பெட்டி அதே பாதையில் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது. பெரியம்மாவை அந்த வண்டியில் ஏற்றி விட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் பாட்டனார் உட்பட. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சொல்லாமலிருக்கவும் முடியவில்லை.

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணியிருந்தேன். அப்படி எண்ணுவதற்குக் காரணமும் உண்டு. 1930களில் இலங்கையில் உயிருடன் பிறக்கும் ஓரிலட்சம் குழந்தைகளுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 2010க்கும் 2019க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அத்தொகை நாற்பதைத் தாண்டவில்லை. மருத்துவமாது வீடு தேடி வருகிறாள். பிரசவம் வைத்தியசாலையிலே நடக்கிறது. நீடித்த பிரசவத்தால் வரும் புரைவழி இங்கே அரிதாகிவிட்டது. ஆனால், இத்தகைய நாடுகளில் அது வேறொரு வாசலால் வருகிறது. கருப்பையை அகற்றும் சத்திரசிகிச்சையின்போது, பக்கத்திலேயே ஒட்டிக் கிடக்கும் சலப்பைக்குச் சில வேளைகளில் ஊறு நேர்ந்துவிடும். அன்று தெரியாது, ஓரிரு வாரம் சென்று கசியத் தொடங்கும்.

என் அக்காவுக்கு அதுதான் நேர்ந்தது. என்னைப் படிக்க வைப்பதற்காகத் தன் படிப்பை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு கூடை தூக்கியவர் அவர். 2017 கார்த்திகையில், கட்டியின் காரணமாக அவருடைய கருப்பையை அகற்றினார்கள். 2018 தைப்பொங்கலன்று அவர் வீட்டுக்குச் சென்றிருந்தேன். பொங்கலைப் படைத்த பின், எல்லாருக்கும் தண்ணீர் மொண்டு கொடுத்த அக்கா, தன் செம்பை எடுத்து உதட்டை மட்டும் நனைத்துவிட்டு வைத்தார். எனக்குக் கை கால் நடுங்கிற்று. முப்பது வருஷங்களுக்கு முன் மலையில் பார்த்த அதே உதடு, அதே நனைத்தல்! அடுப்படிக்கு அழைத்துச் சென்று கேட்டேன். முதலில் மறுத்தார். பிறகு, "ஆறு கிழமையா நிக்கவே இல்ல தங்கச்சி. பெரியம்மாவோட சாபம் என்னையப் பிடிச்சிருச்சு" என்று விம்மினார். அத்தானிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

மறுநாளே கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்து வேறொரு பெரிய அரசாங்க வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். குழாய் வழியாகச் சலப்பைக்குள் நீலச் சாயம் கலந்த நீரைச் செலுத்தி, பிறப்புவழியில் வைத்த பஞ்சில் நீலம் படிகிறதா என்று பார்த்தார்கள். படிந்தது. சிறு துளையாயிருந்து உடனே கண்டுகொண்டால், குழாயைப் போட்டுச் சலப்பையைச் சில வாரம் வெறுமையாக வைத்திருப்பதாலேயே சில வேளை துளை தானாக மூடிக்கொள்வதும் உண்டாம். ஒளித்து வைத்த வாரங்கள் அந்த வாய்ப்பை எடுத்துக்கொண்டன. இனிச் சத்திரசிகிச்சைதான், அதற்கும் புண் ஆறித் தசை பக்குவப்படும் வரையில் காத்திருக்க வேண்டும் என்றார் வைத்திய நிபுணர். முதன் முறை செய்யும் தையலே வெற்றி பெறுவதற்கு அதிக வாய்ப்புள்ளதாம். அவசரப்பட்டால் அதை இழந்துவிடுவோம்.

அத்தானை அழைத்து, வைத்தியர் எல்லாவற்றையும் விளக்கினார். அவர் பேசாமலே கேட்டுக்கொண்டிருந்தார். அன்று மாலை அக்காவின் துணிகளை வாளியில் அள்ளிக்கொண்டு, ஊரார் பார்க்கப் பீலிக்கரையில் அவரே துவைத்தார். அன்று முதல் சிகிச்சை நாள் வரையில் அக்காவைத் துவைக்க அவர் விடவில்லை.

சித்திரை மாதத்தில் அழைப்பு வந்தது. கல்லூரியில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத் துணைக்கு நான் போனேன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். புரையின் விளிம்பைச் சுற்றியிருந்த தசையை விடுவித்து, இழுபடாதபடி தைத்து, மீண்டும் நீலச் சாயம் விட்டுக் கசிவில்லை என்று கண்ட பின்னரே முடித்தார்களாம். சத்திரசிகிச்சை முடிந்ததும் வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். "பாதி வேலை எங்களுடையது, மீதி உங்களுடையது" என்றார் நிபுணர்.

அந்த மீதி வேலை யாது? குழாய். பதினான்கு நாட்கள் சலப்பையில் குழாய் இருந்தது. சலப்பை ஒரு தடவை நிரம்பி உப்பினாலும் தையல் விட்டுப் போகலாம். ஆதலால் குழாய் மடியக்கூடாது, தொடைக்குக் கீழே அகப்படக் கூடாது, பை கட்டிலைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும், ஆனால் தரையைத் தொடலாகாது. குடித்தது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று தாளில் எழுத வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாலு லீற்றர்.

அக்காவுக்கு அதுதான் முடியவில்லை. தையலின் நோவைப் பொறுத்தார். தண்ணீரைக் கண்டால் அஞ்சினார். சிங்களத் தாதி ஒருவர், நடுத்தர வயதினர், மணிக்கொரு தடவை கட்டிலருகே வந்து, "வத்துர பொன்ன அம்மே, குடிங்க" என்று இரண்டு மொழியிலும் சொல்லுவார். ஒரு நாள் பையைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி, "இது தேயிலைச் சாயம் மாதிரி. இப்படி வேணாம். பீலித் தண்ணி மாதிரி வரணும்" என்றார். குடிப்பதைக் குறைத்தால் சலம் கெட்டிப்பட்டுத் தோலைச் சுடும், நாற்றம் மிகும், கல் கட்டும், குழாயும் அடைபடும் என்று அவர் விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பெரியம்மாவின் நினைவு வந்தது. கசிவுக்கு அஞ்சித் தண்ணீரைத் தவிர்த்தாரே, அதனாலேயே அல்லவா உடம்பு இன்னும் எரிந்திருக்கும்!

அக்கா உறங்கும் வேளைகளில் இந்நோயைப் பற்றிக் கிடைத்தவற்றை வாசித்தேன். இச்சத்திரசிகிச்சையின் வரலாறும் ஒரு தோட்டத்து வரலாறாகவே இருந்தது. அமெரிக்காவின் அலபாமாவில், 1845 முதல் 1849 வரை, மரியன் சிம்ஸ் என்ற வைத்தியர் அடிமைப் பெண்களின் உடம்பிலேயே இதைச் செய்து பழகினார். அவர்களுள் அனார்க்கா, லூசி, பெட்சி என்ற மூவரின் பெயர்களே தெரியவந்துள்ளன. மயக்க மருந்து கொடுக்கவில்லை. அனார்க்காவுக்கு மட்டும் முப்பது தடவை செய்து, ஈற்றில் வெள்ளிக் கம்பித் தையலால் வெற்றி கண்டார். நியூயோர்க்கில் இருந்த அவருடைய சிலையை, அக்கா கட்டிலில் கிடந்த அதே 2018 ஏப்ரலில்தான் அகற்றினார்கள். சிலையை எடுத்தது சரியென்றே எனக்குப் பட்டது. அனார்க்காவின் வேதனையால் விளைந்த பலனை என் அக்கா அனுபவிக்கிறார் என்பதும் மறுக்க முடியாததாயிருந்தது.

இன்னொரு வரலாறு மனத்துக்கு இதமானது. 1959இல் எத்தியோப்பியாவுக்குச் சென்ற கதரின் ஹம்லின், ரெஜினோல்ட் ஹம்லின் தம்பதியர், 1974இல் அடிஸ் அபாபாவில் இதற்கென்றே ஒரு வைத்தியசாலையைத் திறந்தனர். அவர்களிடம் நோயாளியாக வந்த மாமிட்டு காஷே என்ற எழுத்தறிவில்லாத பெண், உதவியாளாக நின்று, பார்த்துப் பார்த்துப் பழகித் தாமே தேர்ந்த சத்திரசிகிச்சையாளர் ஆனார். குணமடைந்து வீடு திரும்பும் பெண்ணுக்கு அங்கே ஒரு புத்தாடை கொடுத்து அனுப்புவது வழக்கம். உலகத்தில் அப்போது இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் இந்நோய்க்குச் சிகிச்சையின்றி வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருந்தது. இதை வாசித்த அன்று, அத்தானுக்குத் தொலைபேசியில் சொல்லி ஒரு சேலை வாங்கி வைக்கச் சொன்னேன்.

ஒன்பதாம் நாள் இரவு இரண்டு மணி இருக்கும். விழித்துப் பார்க்கிறேன், குழாயில் சொட்டு இல்லை. பை இருந்த அளவிலேயே இருந்தது. அக்கா ஏதோ கனமாக இருக்கிறது என்று முனகினார். போர்வையை விலக்கித் தடவினேன். மடிப்பு எதுவும் அகப்படவில்லை. ஓடிப்போய்த் தாதியை எழுப்பினேன். அவர் பீச்சுகுழலில் மருந்து நீரை எடுத்து மெல்ல மெல்லச் செலுத்தினார். சிறு கட்டி ஒன்று விலகியது. குழாய் ஓடத் தொடங்கிற்று. அந்த ஐந்து நிமிடத்தில் எனக்கு வியர்த்த வியர்வையை நுவரெலியாக் குளிரில்கூட நான் மறக்கமாட்டேன். அதற்குப் பிறகு அக்காவை யாரும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. அவரே செம்பை எடுத்து மடக்கு மடக்கென்று குடித்தார்.

பதினைந்தாம் நாள் குழாயை எடுத்தார்கள். ஒரு மணி நேரம் சென்றது. அக்கா கட்டிலில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கையை அடிக்கடி விரிப்பின் மேல் வைத்துப் பார்த்தார். விரிப்பு காய்ந்திருந்தது. இன்னும் சிறிது நேரத்தில் என் கையைப் பற்றி, "தங்கச்சி, ஒண்ணுக்கு வர்ற மாதிரி இருக்கு" என்று காதோடு சொன்னார். ஐந்து மாதமாக அவர் மறந்திருந்த உணர்ச்சி அது. எழுந்து தம் காலாலேயே நடந்து போனார்.

மூன்று மாதத்துக்குக் கூடை தூக்கக் கூடாது, தாம்பத்தியம் கூடாது, வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடாது என்று சொல்லியனுப்பினார்கள். அத்தான் வாங்கி வந்த மாம்பழ நிறச் சேலையை அக்கா உடுத்திக்கொண்டார். தாதியிடம் விடைபெறப் போனபோது அவர் கடமையில் இல்லை. வேறு யாரிடமோ சொல்லிவிட்டு வந்தோம்.

திரும்பும் வழியில், அட்டன் தாண்டிய பின், அருவி தெரியும் வளைவிலுள்ள தேநீர்க் கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னார் அக்கா. ஒரு சாயத்தண்ணீர் குடித்தார். இன்னொன்றும் கேட்டுக் குடித்தார். மூன்றாவதுக்குக் கை நீட்டியபோது, "போதும், வீடு போய்ச் சேர இன்னும் நேரமிருக்கு" என்றார் அத்தான். "இருந்தா இருக்கட்டும்" என்று வாங்கிக்கொண்டார்.