வெறுங்காலோடு ஓடியவர்கள்

புனேயில் 'டெக்கான்' என்று சொன்னால் பேருந்து நிலையமும் மெட்ரோவும் ஜே.எம். சாலை நெரிசலும்தான் நினைவுக்கு வரும். இந்திய அணியின் ஒலிம்பிக் பயணம் தொடங்கியது இங்கேதான் என்பது, தினமும் அந்த வழியே போகிற பலருக்குத் தெரியாது.

1919-இல் இங்குள்ள டெக்கான் ஜிம்கானா சங்கத்தின் விளையாட்டுப் போட்டிகளைப் பார்த்தார் அதன் தலைவர் தோராப்ஜி டாட்டா. ஓடியவர்களில் பலர் விவசாயிகள். காலில் செருப்புகூட இல்லை, பயிற்சி கொடுக்க ஆளும் இல்லை. ஆனாலும் அவர்கள் ஓடி முடித்த நேரம் ஐரோப்பியர்களின் நேரத்துக்கு அருகில் இருந்ததை தோராப்ஜி கவனித்தார். பம்பாய் கவர்னர் லாய்டிடம் பேசினார். தன் பணத்தையும் போட்டார். 1920-இல் ஆறு பேர் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்குப் போனார்கள்.

அந்த மாரத்தான் 42.75 கிலோமீட்டர், ஒலிம்பிக்கில் அதைவிட நீண்ட மாரத்தான் நடந்ததில்லை. போதாததற்கு மழையும் குளிரும். பெல்காமிலிருந்து வந்த பதேப்பா சவுகுலே 2 மணி 50 நிமிடத்தில் முடித்து 19-ஆவதாக வந்தார். மல்யுத்தத்தில் ரந்தீர் ஷிண்டே நான்காம் இடம். வெண்கலம் கைக்கெட்டும் தூரத்தில் நழுவியது. பதக்கப் பட்டியலை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இவர்கள் இல்லாதவர்கள். எனக்கோ, அந்த 19-ஆம் இடத்தை நினைத்தால் இன்றும் உடல் சிலிர்க்கிறது.

தகுதியைக் கண்டு பொறுப்பேற்றுக்கொள்ள ஒருவர் கிடைத்தாரா என்பதில்தான் இங்கே எல்லாம் நின்றிருக்கிறது. 1952-இல் மல்யுத்த வீரர் கஷாபா ஜாதவ் ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குப் போக, கோலாப்பூர் ராஜாராம் கல்லூரி முதல்வர் கர்டேகர் தன் வீட்டை அடமானம் வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். ஜாதவ் வெண்கலத்தோடு திரும்பினார். மகாராஷ்டிரக்காரர் ஒருவர் அடுத்த தனிநபர் பதக்கம் வாங்க 72 ஆண்டுகள் ஆயின: 2024 பாரிஸில் துப்பாக்கி சுடும் ஸ்வப்னில் குசாலே. அவரும் கோலாப்பூர் மாவட்டத்துக்காரர், ரயில்வே ஊழியர்.

குசாலே பயிற்சி எடுத்தது புனேயின் பாலேவாடி வளாகத்தில். 1994 தேசிய விளையாட்டுகளுக்காகக் கட்டப்பட்டு, 2008 காமன்வெல்த் இளையோர் போட்டிகளும் நடந்த இடம் அது. விழா முடிந்ததும் பூட்டிப் போடாமல் அங்கே ஒருவரால் தொடர்ந்து சுட முடிந்தது என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. 2036 ஒலிம்பிக்கை நடத்த விருப்பம் தெரிவித்து 2024 அக்டோபரில் இந்தியா கடிதம் கொடுத்திருக்கிறது. நடத்தட்டும். அதற்கு முன், ஒவ்வொரு தாலுகாவிலும் ஓடுகிற பிள்ளைகளின் நேரத்தைக் குறித்துவைக்க சம்பளத்துக்கு ஓர் ஆளைப் போடட்டும்.