அத்தைக்கு ஓர் இடம்

சென்ற ஐப்பசியில் நமது அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்தாள். வயது 82. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மதுரையில் சிகிச்சை முடிந்து இராஜபாளையம் திரும்பியபோது அத்தையோடு கூட ஒரு கேள்வியும் நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து கொண்டது. நாம் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர். நமது மனைவியும் உபாத்தியாயினி. காலை எட்டு மணிக்குப் பூட்டு விழும் வீட்டில், எழுந்து நடமாட முடியாத கிழவியை யார் பார்த்துக் கொள்வது?

தாயில்லாத நம்மை வளர்த்து ஆளாக்கியவள் அத்தை. "முதியோர் இல்லம்" என்ற வார்த்தையை நாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதுதான் தாமதம், பந்துக்கள் பொங்கி எழுந்துவிட்டார்கள். "பெற்ற பிள்ளையாயிருந்தால் இப்படி நினைப்பானா?" என்று கேட்டார் ஒருவர். அவர் அத்தைக்கு ஒரு வேளையாவது மலப்பாத்திரம் எடுத்து வைத்தவரல்லர் என்பதை இங்கே குறிப்பிடாமலிருக்க முடியவில்லை.

வீடு என்றால் அன்பு, இல்லம் என்றால் அநாதரவு என்று கணக்குப் போடுகிறவர்கள் நமது ஜில்லாவின் சமாசாரம் ஒன்றையும் அந்தக் கணக்கில் சேர்த்துக் கொள்ள வேண்டும். படுத்த படுக்கையாகிவிட்ட முதியோருக்கு எண்ணெய் தேய்த்துத் தலைமுழுக்காட்டி, இளநீரைக் கொடுத்து, வீட்டு மனிதர்களே கதையை முடித்துவிடுவதற்குத் 'தலைக்கூத்தல்' என்று பெயர். 2010-ல் விருதுநகர் ஜில்லாவிலிருந்தே அது பத்திரிகைகளில் அடிபட்டது. 2018-ஆம் வருஷத்துச் சிறந்த தமிழ்ப் படமென்று தேசிய விருது பெற்ற 'பார'த்தின் கதையும் அதுதான். அந்தக் காரியம் நடப்பது எந்த இல்லத்திலும் அல்ல. சொந்த வீட்டில், சொந்த ஜனங்களின் நடுவில்.

ஆகவே இடம் பார்க்கப் புறப்பட்டோம். முதலில் பார்த்த இடத்தின் பெயர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை, முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனோம். சலவைக்கல் தரை கண்ணாடி போலிருந்தது. வாசலில் ரோஜாத் தொட்டிகள். எவர்சில்வர் தட்டுகளில் நம் முகம் தெரிந்தது. காப்பி கொடுத்தார்கள்; நல்ல காப்பி. வீட்டுக்கு வந்து, "இடம் கிடைத்துவிட்டது" என்று பெருமையாகச் சொன்னோம்.

"பரீட்சைக்கு நாள் குறித்துவிட்டுப் போனால் எந்தப் பையன்தான் தலை வாரிக்கொண்டு வரமாட்டான்?" என்றாள் மனைவி. இருபது வருஷமாக வாத்தியார் வேலை பார்க்கிற நமக்கு இது தோன்றாமற் போயிற்றே!

மறுநாள் இரவு ஏழு மணிக்குச் சொல்லாமல் போனோம். வாசல் விளக்கு மட்டும் எரிந்தது. இராச் சாப்பாடு ஐந்தரை மணிக்கே முடிந்துவிட்டதாம். சமையற்காரர் வீட்டுக்குப் போக வேண்டுமல்லவா? மறுநாள் பலகாரம் காலை எட்டு மணிக்கு. ஐந்தரைக்கும் எட்டுக்கும் இடையே பதினான்கரை மணி நேரம்! சர்க்கரை வியாதிக்கு ஊசி போட்டுக் கொள்ளும் நம் அத்தையை நினைத்துக் கொண்டோம். காலியாயிருந்த கட்டிலின் பக்கத்தில் அழைப்பு மணிப் பொத்தான் இருந்தது. அழுத்தினோம். ஒருவரும் வரவில்லை. அடுத்த கட்டில் பாட்டி, "அது சும்மா பேருக்குத் தம்பி" என்றாள். அவளுடைய தண்ணீர்ச் செம்பு கைக்கு எட்டாத ஜன்னல் மேடையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தோம். முழுச் செம்பையும் குடித்தாள்.

அந்தச் செம்புதான் பிறகு நமக்கு அளவுகோலாயிற்று. போன இடத்திலெல்லாம் தரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, தண்ணீர் கைக்கு எட்டுகிறதா, கால் நகம் வெட்டியிருக்கிறதா, இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஆயா என்று கவனித்தோம். எல்லாவற்றுக்கும் மேலாகப் படுக்கைப் புண். அசையாமல் கிடக்கிறவர்களை இரண்டு மணிக்கொரு தரமாவது புரட்டிப் படுக்க வைக்காவிட்டால், எலும்பு அழுந்துமிடத்தில் ரத்த ஓட்டம் நின்று தோல் அழுகிவிடும். அது பெரும்பாலும் நோயின் குற்றமல்ல, பணிவிடையின் குற்றம் என்பது பிளாரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859-லேயே வெளியிட்ட அபிப்பிராயம். இராஜபாளையத்துக்குப் பக்கத்துச் சத்திரப்பட்டியில் ஓயாமல் தறி ஓடிப் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். புண்ணுக்குக் கட்ட நம்மூரில் துணிக்குப் பஞ்சமில்லை. புண் வராமல் பார்க்கத்தான் ஆள் வேண்டியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறதென்றும் பார்த்தோம். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. ஜில்லாவுக்கு ஒன்றாவது வீதம், வறிய முதியோர் 150 பேர் தங்கும்படியான இல்லங்களை ராஜ்ய சர்க்கார் "ஏற்படுத்தலாம்" என்கிறது அது. பையன்களின் கட்டுரைகளைத் திருத்தும்போது இந்த 'லாம்' வந்தால் நாம் சிவப்பு மையால் கோடு போடுவது வழக்கம்.

கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் ஒரு சிறிய இடம். இருபது பேர்தான். சுவரில் காரை பெயர்ந்திருந்தது. மாலை ஆறு மணிக்கு, சொல்லாமல்தான் போனோம். ஓர் ஆயா ஒரு முதியவரைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகில் தலையணை கொடுத்துவிட்டு, கட்டிலில் தொங்கிய நோட்டுப் புத்தகத்தில் மணியைக் குறித்துக் கொண்டிருந்தாள். பழைய பக்கங்களைப் புரட்டினோம். இரவு இரண்டு மணி, நாலு மணியும் அதில் இருந்தன. கையெழுத்து தூக்கக் கலக்கத்தில் கோணியிருந்தது. நேர்த்தியாயிருந்தால் சந்தேகப்பட்டிருப்போம்.

"இரவில் காய்ச்சல் வந்தால்?" என்று கேட்டோம்.

"இங்கே டாக்டர் இல்லை சார். கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவோம். முதலில் ஓடுவோம், அப்புறம் உங்களுக்குப் போன் பண்ணுவோம்" என்றாள் நிர்வாகி அம்மாள். கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை என்று குறை சொன்னோம். அடுத்த வாரம் கம்பி பதித்திருந்தது.

அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று மூன்று நாள் தயங்கினோம். சொன்னதும் வெகு நேரம் விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"அங்கே என் கையால் காப்பி கலந்துகொள்ள விடுவாங்களாடா?"

நம்முடைய இத்தனை விசாரணையில் இதைக் கேட்க நமக்குத் தோன்றவில்லை. மறுபடியும் போய்க் கேட்டோம். உட்கார முடிந்ததும் விடுவோம் என்றார்கள்.

தை பிறந்ததும் போனாள். கிழமை குறிக்காமல், நேரம் குறிக்காமல் நாம் போய்ப் பார்த்து வருகிறோம். ரசத்தில் புளி போதவில்லை என்பது அவளுடைய நிரந்தரப் புகார். சென்ற வாரம் பால்கோவா கேட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்துகொண்டு பால்கோவா சாப்பிடாதே என்று எப்படிச் சொல்வது? எள்ளுருண்டையளவு கொடுத்தோம். ஆயா அதையும் மணியோடு நோட்டில் எழுதிவிட்டாள். அத்தைக்கு அவள் மேல் இன்னும் கோபம் தீரவில்லை.