இரண்டாய்க் கழலும் யானை

ஈப்போவிலிருந்து செமோருக்குப் பழைய கோலகங்சார் சாலையில்தான் போவது என்று அடம்பிடித்தேன். வண்டி ஓட்டிய அக்கா மகனுக்கு நெடுஞ்சாலைதான் பிடிக்கும். "சிமெண்டு லாரிக்குப் பின்னாலயே ஊர்ந்துக்கிட்டிருக்கணும் மாமா" என்று முணுமுணுத்தான். அவன் சொன்னபடியேதான் ஆனது. ஆனால் இந்தச் சாலையில்தான் 1926-இல் தொடங்கிய பேராக் தோங் குகைக் கோயில் வரும். உள்ளே 40 அடிக்கு மேல் உயரமான புத்தர் பொன்னிறத்தில் உட்கார்ந்திருப்பார். அதைத் தாண்டினால் கார் விற்கும் கடைகள், மெத்தைக் கடைகள், புதிய தாமான் குடியிருப்புகளின் விளம்பரப் பலகைகள். எந்தப் பலகையைப் பார்த்தாலும் சிரிக்கும் ஒரு குடும்பம், புல்தரை, கையில் பலூனோடு ஒரு பிள்ளை.

செமோரை நெருங்கும்போது கந்தான் மலை தெரிகிறது. பச்சை மூடிய சுண்ணாம்பு மலைதான், ஆனால் ஒரு பக்கம் வெட்டி வெட்டி வெள்ளையாகக் கிடக்கிறது. பல பத்தாண்டுகளாக இங்கே சிமெண்டுக்குக் கல் எடுக்கிறார்கள். மலையின் குகைகளில் ஒன்றில் பௌத்த மடம் இருக்கிறது. அந்த இடம் யாருக்கு என்ற தகராறு நீதிமன்றம் வரைக்கும் போனது. 2014-இல் ஜாப் வெர்மூலன், முகம்மது எஃபெண்டி மர்சுக்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த மலையில் கிடைத்த பொடி நத்தை ஒன்றுக்கு 'சரோபா லஃபார்ஜி' என்று பெயரிட்டார்கள். லஃபார்ஜ் என்பது அப்போது மலையை வெட்டிக்கொண்டிருந்த சிமெண்டு நிறுவனம். யார் கையில் அதன் உயிர் இருக்கிறதோ அவர் பெயரையே சூட்டிவிட்டார்கள். 2019-இல் அந்த மலேசிய நிறுவனம் ஒய்டிஎல் வசம் போய்விட்டது. நத்தை மட்டும் பழைய முதலாளியின் பெயரோடு இருக்கிறது. நிறுவல் கலைஞர் யாராவது இதைக் கற்பனையாகச் செய்து காட்டியிருந்தால், கொஞ்சம் மிகை என்று சொல்லியிருப்பேன்.

எங்கோ இருப்பவர்களின் ஆசை வந்து இந்த ஊரைப் புரட்டிப்போடுவது சிமெண்டில் தொடங்கியதல்ல. 1877-இல் சிங்கப்பூரிலிருந்து ஒன்பது ரப்பர் கன்றுகள் பக்கத்துக் கோலகங்சாருக்கு வந்தன. ஹியூ லோ என்ற ஆங்கிலேய அதிகாரி தன் தோட்டத்தில் நட்டார். அப்போது அவற்றை வேடிக்கையாகப் பார்த்தவர்கள்தான் அதிகம். 1888-இல் டன்லப் காற்றடைத்த டயர் செய்தார், 1908-இல் ஃபோர்டின் மாடல்-டி கார் வந்தது. அமெரிக்காவில் ஒரு குடும்பம் கார் வாங்க ஆசைப்பட்டது, இங்கே காடு பால்மரமானது. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் பினாங்கில் இறங்கி, இந்தப் பக்கத்துத் தோட்டங்களின் லயத்து வீடுகளுக்கு வந்து சேர்ந்தார்கள். பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு விடியுமுன் எழுந்து நின்றவர்கள் பால் எடுத்த மரத்தின் டயரில் ஏறிப் போனது வேறு யாரோ.

லயத்து ஆட்களும் சும்மா இருக்கவில்லை. ஈப்போவுக்குத் தெற்கே பத்து காஜாவில் வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் துரை, 1915 வாக்கில் ஒரு மாளிகை கட்டத் தொடங்கினார். மின்தூக்கிக்குக்கூட இடம் விட்டிருந்தார். 1926-இல் லிஸ்பனில் அவர் இறந்துபோக, மாளிகை அரைகுறையாக நின்றுவிட்டது. இன்றைக்குச் சுற்றுலாப் பயணிகள் அதைத்தான் பார்க்கப் போகிறார்கள். எனக்கு அதைவிட, தொழிலாளர்களுக்காக அவர் கட்டிக்கொடுத்த மாரியம்மன் கோயில்தான் விசேஷம். அதன் மேற்கூரையில் சுதைத் தெய்வங்களோடு துரையும் நிற்கிறார், தொப்பியும் வெள்ளைக்கார உடுப்புமாக. நன்றிக்கு வைத்தார்களா, கிண்டலுக்கு வைத்தார்களா, இவனையும் அம்மன் கண் முன்னாலேயே நிறுத்திவைப்போம் என்று வைத்தார்களா? மூன்றும் இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நல்ல நிறுவல் கலையும் இப்படித்தான், எந்த ஒரு பதிலிலும் அடங்காது.

நாங்கள் செமோருக்குப் போனது கலை பார்க்க அல்ல. அக்கா மகள் கல்யாணத்துக்கு மணவறை பார்க்க. தோட்டமாக இருந்து தாமானாகிவிட்ட இடத்தின் ஓரத்தில், செம்பனை தொடங்கும் வரப்பில், தகரக் கொட்டகை ஒன்று. உள்ளே கால் வைக்க இடமில்லை. தாமரைகள் அளவு வாரியாக அடுக்கியிருந்தன. ஒரு மூலையில் ஆறு மயில்கள் சுவரைப் பார்த்தபடி. மேலே உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கியது சிவப்பு வெல்வெட் ஒட்டிய சிம்மாசனம். இந்தப் பக்கம் பிள்ளையார், அந்தப் பக்கம் தலையில்லாத கிரேக்கத் தூண்கள்.

யானைதான் என்னை நிறுத்தியது. வெள்ளை நுரைப்பலகையைச் சூடான கம்பியால் அறுத்து, மேலே ஃபைபர் பூசி, தங்க வண்ணம் அடித்த யானை. மண்டபத்துக் கதவில் நுழையவும் லாரியில் ஏறவும் வேண்டுமே, அதனால் வயிற்றின் நடுவில் இரண்டாகக் கழல்கிறது. உள்ளே ஆணியும் கொக்கியும். மாட்டியபிறகு இணைப்பு தெரியாமலிருக்க அந்த இடத்தில் பட்டு விரிப்பைப் போர்த்தி, மேலே மணி கட்டுகிறார்கள். நெற்றிப்பட்டத்தின் குண்டுமணிகளை ஒவ்வொன்றாகப் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். ஓரிடத்தில் இரண்டு மணி உதிர்ந்துபோய், அதற்குப் பதில் சட்டைப் பொத்தான் இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

"எங்க அப்பா தோட்டத்துக் கோயில்ல சாமிக்கு அலங்காரம் பண்ணுவாருண்ணே" என்றார் கொட்டகையை நடத்தும் தம்பி. "தோட்டம் போச்சு, கோயிலும் இடம் மாறிப்போச்சு. நான் மாப்பிள்ளை பொண்ணுக்குப் பண்றேன். ஒரு நாளைக்கு அவங்கதானே சாமி."

அக்கா மகள் கைப்பேசியில் கொரிய நாடகக் கல்யாணம் ஒன்றைக் காட்டினாள். எல்லாம் வெள்ளை, பூக்கள் மட்டும். அவள் அம்மாவுக்குக் கோபுரம் வேண்டும். தம்பி சலிக்கவே இல்லை. "வெள்ளையிலேயே கோபுரம் வச்சிரலாம் அக்கா, லைட்டுல கலர் மாத்திக்கலாம்" என்றார். இந்தப் பஞ்சாயத்து பாதியில் இருக்கும்போதே எனக்கு அனுரேந்திர ஜெகதேவா நினைவுக்கு வந்தார்.

1965-இல் ஜொகூரில் பிறந்த ஓவியர். 2012-க்கும் 2014-க்கும் இடையில் அவர் செய்த ஒரு நிறுவலுக்குப் பெயர் 'மணவறை', பெரும் விவாதத்தின் காலத்தில் காதலும் இழப்பும் என்று அதற்கு ஒரு துணைத்தலைப்பு. இந்துக் கல்யாண மேடையின் வடிவத்தில் அவருடைய ஓவியங்கள். மலேசியாவில் இனம், மதம், உரிமை என்று ஓயாமல் வாதம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. யாரை யார் கட்டிக்கொள்கிறார்கள், யாரோடு யார் குடித்தனம் செய்ய முடியும் என்ற கேள்வி வீட்டுக்கும் பொருந்தும், நாட்டுக்கும் பொருந்தும். அருங்காட்சியகத்தில் யாரும் தாலி கட்டப்போவதில்லை. அதனால் மேடையையே உட்கார்ந்து பார்க்கலாம். கல்யாண வீட்டில் நாம் ஒருநாளும் செய்யாத வேலை அது. அங்கே மொய்யும் சாப்பாடும் புகைப்பட வரிசையும் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும்.

நுகர்வைப் பற்றிப் பேசும் நிறுவல்களில் எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. சுபோத் குப்தா 2006-இல் எவர்சில்வர் பாத்திரங்களைக் குவித்து 'மிகப் பசித்த கடவுள்' என்று மாபெரும் மண்டையோடு ஒன்று செய்தார். அடுத்த ஆண்டு அது வெனிஸ் பெரிய கால்வாய்க் கரையில், ஒரு பெரும் செல்வரின் மாளிகை அருங்காட்சியகத்துக்கு முன்னால் பளபளத்துக்கொண்டு நின்றது. அருமையான வேலைதான். ஆனாலும் சீர்வரிசையில் வந்த தூக்குச்சட்டியை நாற்பது வருஷம் துலக்கி வைத்திருக்கும் அம்மாவுக்கு அந்த மண்டையோடு என்ன சொல்கிறது? ஆசைப்படாதே என்றா? இரண்டறை லயத்தில் பிறந்தவருடைய பேத்தி ஒரு நாளைக்குத் தங்க யானைக்கு நடுவில் உட்கார ஆசைப்படுவதை என்னால் ஏளனமாகப் பார்க்க முடியவில்லை. கடன் வாங்கி அதைச் செய்யும்போது வயிற்றைப் பிசைகிறது, அது வேறு. அனுரேந்திரவிடம் எனக்குப் பிடித்தது, அவர் மணவறையைக் கேலி செய்ய எடுத்துக்கொள்ளவில்லை என்பது.

கேலிக்குரிய ஆசை வேண்டுமென்றால் செமோரிலிருந்து கொஞ்ச தூரத்தில், மேரு ராயாவில் இருக்கிறது. 50 கோடி வெள்ளிக்கு மேல் கொட்டிக் கட்டிய அனிமேஷன் கேளிக்கைப் பூங்கா, 2017-இல் திறந்து 2020 ஜனவரியில் மூடிவிட்டார்கள். தம்பியின் மயில்கள் அதைவிட அதிக காலம் தொழில் பார்த்திருக்கின்றன.

கடைசியில் வெள்ளைக் கோபுரம், இரண்டு யானை, மயில் வேண்டாம் என்று முடிவானது. நாலாயிரத்து ஐந்நூறு வெள்ளி, ஏற்றி இறக்கும் கூலி தனி. முன்பணம் எண்ணிக்கொண்டிருக்கும்போது, சிங்கப்பூர் கலை அருங்காட்சியகத்துக்குப் போய்விட்ட மணவறை ஒன்று உண்டு என்று தம்பியிடம் சொன்னேன். எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

"எத்தனை நாளைக்கு வாடகைண்ணே?"

"வாடகையில்லை தம்பி. விலைக்கே வாங்கிட்டாங்க."

"முழுசாவா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "அப்ப அடுத்த முகூர்த்தத்துக்கு என்ன செஞ்சாரு அவரு?"