பேயா... பயப்படாதீங்க!

இந்த வாரம் நாம போகப்போற ஊர் பேயா. பேர்தான் அப்படி, ஊர்ல பேய் எதுவும் இல்ல! கொசோவோவின் தலைநகர் பிரிஷ்டினாவிலிருந்து மேற்கே சுமார் 80 கிலோமீட்டர். மலை வந்து வழியை மறிக்குதா? அதுதான் ஊர். டூரிஸ்ட்டுங்க நேரா ருகோவா பள்ளத்தாக்குக்கு டிரெக்கிங் போயிடுவாங்க. நீங்க என்கூட ஒரு ஜூடோ ஹாலுக்கு வாங்க.

கிளப் பேர் 'இப்போன்'. எதிராளியை ஒரே வீச்சுல முதுகு தரையில் அடிபடத் தூக்கிப் போட்டா, அதுதான் இப்போன். மேட்ச் அங்கேயே ஓவர்! கோச் ட்ரிடோன் குகா. யூகோஸ்லாவியா சிதறினதில் 1992 பார்சிலோனா ஒலிம்பிக் கனவைத் தொலைச்சவர்.

1999. போர் முடிஞ்சு ஊரே எரிஞ்சு கிடந்த வருஷம். எட்டு வயசு மஜ்லிந்தா கெல்மெண்டி ஜூடோ பழக ஆரம்பிச்சது அப்போதான். திறமை வந்துடுச்சு, ஹால் டிக்கெட்தான் வரலை! 2008-ல் கொசோவோ சுதந்திரம் அறிவிச்சும் ஒலிம்பிக் கமிட்டி அங்கீகரிக்கலை. அதனால 2012 லண்டனில் அல்பேனியா பேர்ல ஆடினாங்க. காலிறுதிகூட எட்டலை. 2013-ல் உலக சாம்பியன். அடுத்த வருஷம் ரஷ்யாவில் மறுபடி ஜெயிச்சப்போ கொசோவோ கொடிக்கு அனுமதி இல்ல. ஜூடோ சம்மேளனத்தோட கொடிதான் ஏறுச்சு. இன்டர் காலேஜ் மேட்ச்ல எங்க காலேஜ் பேரைத் தப்பா சொன்னதுக்கே நான் மூணு நாள் யார்கூடவும் பேசலை! மஜ்லிந்தாவுக்குப் பணம் தர்றோம், எங்க நாட்டுக்கு வாங்கன்னு அழைப்புகளும் வந்துச்சு. போகலை.

2014 டிசம்பரில் அங்கீகாரம் கிடைச்சுது. 2016 ரியோ தொடக்க விழாவில் கொடி பிடிச்சு நடந்தது மஜ்லிந்தா. ஆகஸ்ட் 7, 52 கிலோ ஃபைனல். இத்தாலியின் ஒடெட் ஜுஃப்ரிடாவை ஜெயிச்சு, நாட்டோட முதல் ஒலிம்பிக் மெடலே தங்கம்!

எல்லாம் சினிமா மாதிரி முடியலைங்க. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் முதல் மேட்ச்சிலேயே தோல்வி. முந்தின நாள் டிஸ்ட்ரியா க்ராஸ்னிச்சிக்குத் தங்கம், மறுநாள் நோரா ஜாகோவாவுக்குத் தங்கம். ரெண்டு பேருமே குகாவோட ஸ்டூடன்ட்ஸ். நடுவுல அந்த ஒரு ராத்திரி எப்படித் தூங்கியிருப்பாங்க?

அதே வருஷம் ரிட்டயர் ஆகி, மஜ்லிந்தா கோச்சிங் பக்கம் வந்துட்டாங்க. 2024 பாரிஸில் க்ராஸ்னிச்சி வெள்ளி ஜெயிச்சாங்க. எந்தப் பிரிவு தெரியுமா? அதே 52 கிலோ!