மூன்று விரல்

கோழிகள் கூட்டில் ஏறிய பிறகுதான் அந்த அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து குந்துவார். விளக்கு வேண்டாம் அவருக்கு. இருட்டுக்குள் கையை விட்டு, பேட்டின் கால் இரண்டையும் சேர்த்துப் பிடித்து வெளியே எடுத்து, தலையைத் தன் கமக்கட்டுக்குள் செருகிக்கொள்வார். அது ஒரு தடவை முனகிவிட்டு அடங்கிப்போகும். வாலை ஒதுக்கி, பின்பக்கத்து எலும்பு முனை இரண்டுக்கும் இடையில் விரல் வைத்துப் பார்ப்பார்.

"ஒரு விரல்தான்."

யாருக்கும் சொல்வதல்ல அது. கோழியும் நானும்தான் கேட்போம். நான் கேட்பது அவருக்குத் தெரியாது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

ஈச்சிலம்பற்றுக்குப் படிப்பிக்க வந்து நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் ஜன்னல் நேரே அவருடைய வளவைப் பார்க்கிறது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்கள். திருத்துகிற விடைத்தாளின் மேல் புழுதி வந்து படியும். தட்டிவிட்டு நிமிர்ந்தால் கண் அந்தக் கோழியில் போய் நிற்கும்.

மாசியில் பொரித்த குஞ்சு. பண்ணைக் கோழி ஐந்து மாதம் முடியுமுன்னே முட்டைக்கு வந்துவிடும். ஊர்க்கோழி ஐந்தரை, ஆறு மாதம் எடுக்கும், சிலது அதற்கும் மேலே போகும். இந்தப் பேடு முழுதாக அவருடையதும் அல்ல. வாரத்துக்கு வாங்கியது. பொரிக்கிற குஞ்சில் பாதி பேட்டின் சொந்தக்காரிக்கு. அவள் காலையில் மீன் கூடையோடு ஒழுங்கையால் போகும்போது தலையைத் திருப்பாமலே கேட்பாள்: "இட்டுதாக்கா?"

"இன்னும் இடல்ல."

பிறகு இரண்டு பேரும் மீன் விலையைப் பற்றிப் பேசுவார்கள்.

குளிர்நாடுகளில் பகல் சுருங்கும்போது கோழிகள் முட்டையை நிறுத்திவிடும். கூட்டுக்குள் மின்விளக்கு எரித்துப் பகலை நீட்டிக் காட்டி அவற்றை ஏமாற்றுவார்கள். எங்களுக்கு அந்தச் சாக்கும் இல்லை. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 பாகையும் கொஞ்சமும்தான். வருடத்தின் நெடிய பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலமே வித்தியாசம். இங்கே கோழி பிந்தினால் வெயிலைச் சொல்லலாம், தீனியைச் சொல்லலாம். அந்த அம்மா தீனியைத்தான் சந்தேகித்தார். குறுணலோடு தவிட்டைக் குழைத்து வைத்தார். களப்பில் எடுத்த மட்டியின் ஓட்டை அம்மியில் இடித்துத் தூவினார். முட்டை உள்ளே உருவாக ஒரு நாள் போதும், அதிலும் ஓடு பிடிக்க மட்டும் ஏறத்தாழ 20 மணித்தியாலம் என்று நான் வாசித்திருக்கிறேன். அவர் வாசிக்கவில்லை. ஆனாலும் அம்மி ஓட்டுக்குத்தான் இடித்தது.

இரண்டாவது விரல் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அதற்கு முன்னமே கொண்டை நிறம் மாறத் தொடங்கியிருந்தது. வெளிறிய தோல்துண்டு போலக் கிடந்தது, பழுத்த கொச்சிக்காய் நிறத்துக்கு வந்து, ஒரு பக்கம் மடிந்து விழுந்தது. பேட்டுக்கு நிலைகொள்ளவில்லை. கட்டிலுக்குக் கீழே போய்ப் பார்த்தது. வலைக் குவியலில் ஏறி இறங்கியது. நெல்மூட்டைச் சந்துக்குள் தலையை நீட்டி, வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள் போல ஒவ்வொரு மூலையையும் சரித்துச் சரித்துப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் வந்துவிட்டது.

அவர் பழைய கடகம் ஒன்றில் வைக்கோல் பரப்பினார். பேனுக்கு வேப்பிலை. இடி முழங்கினால் முட்டை கூழாகாமல் இருக்க ஓர் ஆணி. வானத்தில் ஒரு முகில் துண்டுகூட இல்லை. முட்டையும் இல்லை. ஆணி மட்டும் தயார். கடைசியாக, கடையில் வாங்கிய வெள்ளை முட்டை ஒன்றில் கரியால் குறி போட்டு நடுவில் வைத்தார். ஒரு முட்டை கிடக்கிற இடத்தில்தான் கோழி முட்டை வைக்கும் என்று பேரனுக்கு விளங்கப்படுத்தினார்.

அன்றைக்குத்தான் அவன் கேட்டான்: "முந்தியும் கோழி வளர்த்தீங்களா அம்மம்மா?"

"வளர்க்காம? ரெண்டாயிரத்தி ஆறுல, ஆத்தத் தாண்டி வாகரைக்கு ஓடக்குள்ள, ஒண்டு அடையில கிடந்த. பதினெட்டாம் நாள்."

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. 2006 ஆகஸ்டில் யுத்தத்தால் இந்த ஊர்கள் வெறுமையாகின. திரும்பி வந்தது அடுத்த வருடம். கோழி முட்டை பொரிக்க 21 நாள்.

அடுத்த கிழமை, முற்பகல் பத்து மணி இருக்கும். பேடு வேலி ஓட்டைக்குள்ளால் என் பக்கம் வந்தது. ஜன்னலுக்குக் கீழே, கூரை வேய்ந்தபோது மிஞ்சிய கிடுகுக் கட்டு ஒன்று கிடக்கிறது. அதன் இடுக்கில் புகுந்து, நெஞ்சால் அமுக்கி அமுக்கிக் குழி செய்தது. என் பேனை ஏழாவது வினாவில் நின்றுவிட்டது. அரை மணிக்கு மேல் இருந்திருப்பேன். ஒரு கட்டத்தில் அது பாதி எழுந்து, இறகு சிலிர்த்து, வாயைத் திறந்தபடி அசையாமல் நின்றது. விழுந்த முட்டை ஈரத்தில் மினுங்கியது. நான் பார்த்துக்கொண்டிருக்கவே அந்த மினுக்கம் ஓரத்திலிருந்து வற்றி, ஓடு மங்கிப்போனது. தவிட்டு நிறம். சிறிய முட்டை. ஒரு பக்கம் நூல்போல இரத்தக்கோடு.

கோழி அங்கே சத்தமே போடவில்லை. வந்த ஓட்டையால் திரும்பிப் போய், அந்தக் கடகத்துக்கு முன்னால் நின்று ஊரைக் கூட்டியது. கள்ளி. அந்த அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். கடகத்தில் கரிக்குறி போட்ட முட்டைதான் கிடந்தது. அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அதற்கு ஏதாவது தெரிந்திருக்கும் என்பது போல.

சொல்லியிருக்கலாம். எழும்பி ஒரு வார்த்தை. ஏனோ பார்த்தது போதும் என்று இருந்துவிட்டேன்.

பின்னேரம் கமக்கட்டுக்குள் தலை. "மூண்டு விரல்," என்றார். கோழியைக் கூட்டில் விட்டார். இந்தமுறை உள்ளே போகாமல் வேலிக்கு வந்தார். ஓட்டைக்கு நேரே, கரிக்குறி முட்டையோடு அவருடைய கை என் பக்கம் நீண்டது.

"சேர், இதையும் அதுக்குப் பக்கத்தில வையுங்க. அத எடுத்திடாதீங்க."

வாங்கி, கிடுகை விலக்கி வைத்தேன். வெள்ளை முட்டைக்குப் பக்கத்தில் அது இன்னும் சிறியதாகத் தெரிந்தது. காலையில் மீன்காரி ஒழுங்கையால் வந்தாள்.

"இட்டுதாக்கா?"

"சேர்ட வளவில."