முந்தும் என்றிருந்த குதிரை

செக்காலை சகாய மாதா ஆலயத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும், தேநீர்க் கடையருகே சற்று நின்று ஊர்ச் செய்தி கேட்டுவிட்டு வீடு திரும்புவது நமது நெடுநாள் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன், மே திங்களில் ஒரு ஞாயிறன்று, அங்கே கூடியிருந்தோரெல்லாம் மாட்டுவண்டிப் பந்தயம் ஒன்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தனர்.

காரைக்குடி வட்டாரத்தில் கோயில் திருவிழாக்களை ஒட்டி இப்பந்தயம் நடப்பதை வாசகர்கள் அறிவர். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு வகுத்து, போய்வர இத்தனை மைல் என்று எல்லை குறித்து, தார்ச் சாலையிலேயே வண்டிகளை விடுவார்கள். அவ்வாரம் நடந்த பந்தயத்தில், முதற் பரிசு இதற்கே என்று ஊரார் அனைவரும் நம்பியிருந்த ஒரு சோடி, நான்காவதாக வந்து சேர்ந்ததாம். அதற்குக் காரணம் என்னவென்பதே பேச்சு.

“லாடம் தேய்ந்திருந்தது, ஐயா; கவனிக்கவில்லை” என்றார் ஒருவர். “போன வாரம்தான் வேறோர் ஊரில் ஓடிய மாடு, களைப்பு ஆறுமுன் பூட்டிவிட்டார்கள்” என்றார் இன்னொருவர். “எல்லாம் சாரதி செய்த பிழை, திரும்பும் எல்லைக்கு முன்பே விரட்டித் தீர்த்துவிட்டான்” என்றார் மூன்றாமவர். இவ்வாறு அரை மணி நேரம் ஆராய்ச்சி நடந்தது. அத்தனை பேரில் ஒருவரேனும் “மாடு சோம்பேறி” என்றோ, “மாட்டுக்கு நன்றியில்லை” என்றோ சொல்லவில்லை என்பதை நாம் கவனித்தோம். கவனித்ததும் நம் தலை தானே தாழ்ந்தது. ஏனெனில் அதே வாரத்தில், நம் இல்லத்தில், அச்சொற்கள் இரண்டையும் நாம் சொல்லியிருந்தோம்.

நம் மூத்த மகனின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த வாரம் அது. முதல், இரண்டாம், மூன்றாம் இடம் என்று மாணவர் பெயர்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-இலேயே கைவிட்டுவிட்டது. ஆனால் அரசு கைவிட்டதை வீடுகள் கைவிட்டனவா? பள்ளியில் முதல்வனாக வருவான் என்று நாம் உறவினர் வீடெல்லாம் சொல்லி வைத்திருந்தோம். மதிப்பெண்கள் எதிர்பார்த்ததற்கு வெகுவாகக் குறைந்து வந்தன. மூன்று நாட்கள் நாம் அவனோடு முகங்கொடுத்துப் பேசவில்லை.

தேநீர்க் கடையிலிருந்து திரும்பிய அன்று தொடங்கி, முந்தும் என்று உலகமே நம்பிய குதிரைகள் ஏன் தோற்கின்றன என்று தேடிப் படிக்கலானோம். செட்டிநாட்டாருக்குக் குதிரைப் பந்தயம் அந்நியமானதன்று. நம் காரைக்குடிக்கு அண்மையிலுள்ள கானாடுகாத்தான் அரண்மனைக்கு உரியவரான எம்.ஏ.எம். இராமசாமி (1931-2015), இந்தியக் குதிரைப் பந்தய உலகில் மிகுதியான வெற்றிகளைக் குவித்த உரிமையாளர் எனப் பெயர் பெற்றவரன்றோ?

“கத்தோலிக்கக் குடும்ப இதழில் குதிரைப் பந்தயமா?” என்று சிலர் புருவம் உயர்த்தக் கூடும். பந்தயம் தன்னளவில் நீதிக்கு முரணானதன்று என்றும், ஒருவன் தன் தேவைக்கும் தன்னைச் சார்ந்தோர் தேவைக்கும் உரியதை இழக்கச் செய்யும்போது அது ஏற்கத் தகாததாகிறது என்றும் திருச்சபையின் மறைக்கல்வி நூல் தெளிவாகப் போதிக்கிறது. பந்தயத்தில் பணம் கட்டிக் குடியிழந்த குடும்பங்களை நாம் அறிவோம். எனவே எவரையும் அப்பக்கம் அழைப்பது நம் நோக்கமன்று. தோற்ற குதிரையிடம் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. அதுவே நம் பொருள்.

1996-இல், மதராஸ் ரேஸ் கிளப் தொடர்பான வழக்கில், குதிரைப் பந்தயம் வெறும் நற்பேற்றைச் சார்ந்ததன்று, திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதாவது, வெற்றிக்கும் தோல்விக்கும் ஆராய்ந்தறியத் தக்க காரணங்கள் உண்டு. ஆயினும், மிகுதியான பணம் கட்டப்பட்ட குதிரை வெல்வது ஏறக்குறைய மூன்று பந்தயங்களுக்கு ஒன்றில்தான் என்பது பந்தய உலகின் பொது அனுபவம். ‘முந்தும் குதிரை’ என்ற பட்டத்தைச் சூட்டுவது பார்ப்போரின் பணமும் ஆசையுமே. குதிரைக்கு அப்பட்டம் பற்றி ஏதும் தெரியாது.

முதலில் சுமையைப் பார்ப்போம். 1930-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் கோப்பையை வென்ற ‘பார் லாப்’ என்னும் குதிரை, அன்று சுமந்தது சுமார் 62 கிலோ. சிறந்த குதிரைக்கு மிகுந்த எடை ஏற்றி, எல்லாக் குதிரைகளையும் சமப்படுத்துவது அப்பந்தயத்தின் விதி. எனவே 1931-இல் அதன்மீது 68 கிலோ ஏற்றினார்கள். வென்ற ‘ஒயிட் நோஸ்’ சுமந்ததோ 44 கிலோவுக்கும் குறைவு. மக்கள் அவ்வாண்டும் பார் லாப்பையே நம்பினர். அது எட்டாவதாக வந்தது. அதன் கால்கள் முந்திய ஆண்டின் கால்கள்தாம். முதுகின் மேலிருந்த பாரமே வேறு.

அடுத்து, சாரதியைப் பார்ப்போம். 1986-இல் இங்கிலாந்தின் எப்சம் டெர்பியில் ‘டான்சிங் பிரேவ்’ வெல்லும் என்றே பெரும்பாலோர் நம்பினர். அதன்மேல் அமர்ந்தவர் அதனை நெடுநேரம் பின்னாலேயே அடக்கி வைத்தார். இறுதியில் விட்டபோது அது காற்றாய்ப் பறந்தது. ஆயினும் அரைக் குதிரை நீளத்தில் தோற்றது. அதே ஆண்டில் பாரிசில் நடந்த பெரும்பந்தயத்தை அக்குதிரையே வென்றது. அன்று அதன்மேல் இருந்தவர் வேறொருவர்.

மூன்றாவது, கண்ணுக்குப் புலப்படாத புண். அமெரிக்காவின் புகழ்மிக்க ‘செக்ரடேரியட்’ 1973 ஏப்ரல் திங்களில் நியூயார்க்கில் ஓடி மூன்றாவதாக வந்தது. அதன் மேலுதட்டின் உட்புறத்தில் ஒரு சீழ்க்கட்டி. கடிவாளத்தை இழுக்குந்தோறும் வலி. இரண்டு வாரங்களில் கட்டி ஆறிற்று. மே 5 அன்று கென்டக்கி டெர்பியில் ஒன்றேகால் மைலை இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் ஓடி அது நிறுவிய சாதனை, இன்றளவும் முறியடிக்கப்படவில்லை. 1989-இல் அது இறந்தபின் சோதித்த மருத்துவர், அதன் இதயம் சாதாரணக் குதிரையின் இதயத்தைவிட இரு மடங்குக்கும் பெரிதென மதிப்பிட்டார். அத்துணைப் பெரிய இதயமும் வாய்க்குள் இருந்த ஒரு சிறு கட்டியின்முன் தோற்றதே!

நான்காவது நிகழ்ச்சி நம்மை உறங்கவிடவில்லை. 1956 மார்ச்சு 24 அன்று, இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் அரசியின் தாயாருக்கு உரிய ‘டெவன் லாக்’ என்னும் குதிரை முப்பது தடைகளையும் தாண்டி, எல்லோருக்கும் முன்னே வந்துகொண்டிருந்தது. இன்னும் ஐம்பது கெஜமே எஞ்சியிருந்தது. எதிரே தடை ஏதும் இல்லை. திடீரென்று அது கால்களைப் பரப்பித் தரையில் விழுந்தது. பின்னால் வந்த ‘ஈ.எஸ்.பி.’ வென்றது. காரணம் இன்றுவரை உறுதிப்படவில்லை. அதன்மேல் அமர்ந்திருந்த டிக் பிரான்சிஸ், பின்னாளில் நாவலாசிரியராகப் பெயர் பெற்றவர், கருதியது இது: அரச குடும்பத்துக் குதிரை வெல்லப்போகிறது என்று பல்லாயிரம் மக்கள் எழுப்பிய ஆரவாரமே அதனைத் திகைக்கச் செய்து வீழ்த்தியது. பகைவர் போட்ட கூச்சலன்று அது. அன்பர்கள் எழுப்பிய வாழ்த்தொலி!

அன்றிரவு திண்ணையில் தனியே அமர்ந்திருந்த மகனருகே சென்று அமர்ந்தோம். “மதிப்பெண் ஏன் குறைந்தது?” என்று அதுவரை பன்முறை கேட்டிருந்தோம். அன்று அவ்வாறு கேட்கவில்லை. “எங்கே வலித்தது, தம்பி?” என்று மட்டும் கேட்டோம்.

நெடுநேரம் பேசாதிருந்தான். பிறகு சொன்னான். தேர்வுக்கு நான்கு மாதங்களுக்கு முன்பிருந்தே இரவில் உறக்கம் வரவில்லையாம். சொன்னால் வீட்டார் மகிழ்ச்சி கெடுமென்று சொல்லவில்லையாம். கணக்குத் தேர்வன்று காலையில் பாட்டி தான் மாதாவுக்கு நேர்ந்துகொண்ட நேர்ச்சையைச் சொன்னார். மாமா தொலைபேசியில் பரிசு ஒன்று அறிவித்தார். நாம் தேர்வுக்கூட வாயில்வரை சென்று, “நம் குடும்பத்தின் பெயர் உன் கையில்” என்று சொல்லி அனுப்பினோம். “வினாத்தாளைப் பிரித்தபோது எழுத்துகள் தெரியவில்லை, அப்பா, உங்கள் எல்லாருடைய முகமும்தான் தெரிந்தது” என்றான்.

சுமையை ஏற்றியவர்கள் நாம். கடிவாளத்தைப் பிடித்தவர்கள் நாம். ஆரவாரம் செய்தவர்களும் நாமே. வாய்க்குள் இருந்த புண்ணை ஒரு நாளேனும் பார்த்தோமா? வேறொன்றும் அன்று நினைவுக்கு வந்து நம்மைச் சுட்டது. அதே மே திங்களில் பத்தாம் வகுப்பில் நன்றாகவே தேறிய நம் மகளுக்கு ஓர் இனிப்பு வாங்கிக் கொடுக்கவும் மறந்திருந்தோம். அவள்மீது எவரும் பணம் கட்டவில்லையன்றோ!

எண்ணிக்கை நூலின் 22-ஆம் அதிகாரத்தில் பிலயாமின் வரலாறு உள்ளது. அவன் ஏறிச் சென்ற கழுதை வழியில் விலகுகிறது, சுவரோடு ஒட்டுகிறது, இறுதியில் படுத்தே விடுகிறது. மூன்று முறையும் பிலயாம் அதனைக் கோலால் அடிக்கிறான். உருவிய வாளுடன் ஆண்டவரின் தூதர் வழிமறித்து நின்றதைக் கழுதை கண்டது. மேலே அமர்ந்திருந்தவனோ காணவில்லை. இறைவன் அவன் கண்களைத் திறந்தபின்தான், தன்னைக் காத்ததையே தான் அடித்ததை உணர்ந்தான். தேர்வு முடிவு வரும் நாட்களில் பெற்றோர் ஒவ்வொருவரும் அவ்வதிகாரத்தை ஒரு முறை வாசிப்பது நலம்.

கொரிந்து நகருக்கு அருகே பெரும் விளையாட்டு விழாக்கள் நடந்ததை அறிந்தே புனித சின்னப்பர் அந்நகரத்தாருக்கு ஓட்டப் பந்தய உவமையை எழுதினார். அங்கே ஒருவனுக்கே வாகை. வாடிப் போகும் வாகை. அவர் காட்டும் ஓட்டத்திலோ வாடாத முடி காத்திருக்கிறது. ஒருவர் பெறுவதால் மற்றவர்க்கு அது குறைவதில்லை. நம் பிள்ளைகளை அந்த ஓட்டத்துக்கென்றே ஞானஸ்நானத் தொட்டியருகே ஒப்புக்கொடுத்தோம். இடையில் அவர்களை வேறொரு பந்தயத்தில் பூட்டியவர்கள் நாம்.

மகன் முதல்வனாக வரவில்லை. தன் விருப்பப்படி ஒரு பட்டப்படிப்பை முடித்து, இன்று வெளியூரில் எளிய பணியொன்றில் இருக்கிறான், நன்றாக உறங்குகிறான். விடுமுறையில் வரும்போது பூசை முடிந்து தேநீர்க் கடையில் நம்மருகே நின்று பந்தயப் பேச்சு கேட்கிறான். அண்மையில் ஒருநாள், தோற்று வந்த ஒரு மாட்டின் காலை அதன் உரிமையாளர் மடியில் தூக்கி வைத்துக் குளம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்ததை இருவரும் கண்டோம். அவன் நம்மைப் பார்த்துப் புன்னகைத்தான்.

வீடு திரும்பும் வழியில், மகளுக்கென்று மறவாமல் இனிப்பு வாங்கிக்கொண்டோம்.