கொழுப்புள்ள மைதானம்!

லண்டன் போகிறவர்கள் வெம்ப்ளி பார்ப்பார்கள். பர்ஸ் கொஞ்சம் கனமாக இருந்தால் ஆர்சனல் மேட்ச்சுக்கு டிக்கெட் வாங்கிப் பார்த்துவிட்டு, ஊர் திரும்பி ஆறு மாதம் அதையே பேசி ஆபீஸில் எல்லாரையும் விரட்டுவார்கள். நான் பார்த்துவிட்டு வந்தது ‘ட்ரிப்பிங் பேன்’.

என்னய்யா பேர் இது என்கிறீர்களா? இறைச்சியை நெருப்பில் வாட்டும்போது சொட்டும் கொழுப்பைப் பிடிக்க அடியில் ஒரு தட்டு வைப்பார்களே, அதுக்குத்தான் இங்கிலீஷ்காரன் வைத்த பெயர். அந்தப் பெயரில் ஒரு கால்பந்து மைதானம்! இங்கிலாந்தின் தெற்கே, லூயிஸ் என்கிற சின்ன ஊரில் இருக்கிறது. விக்டோரியா ஸ்டேஷனில் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். இறங்கி ஐந்து நிமிட நடை.

“கொழுப்புத் தட்டா? ஊருக்கே கொழுப்பு ஜாஸ்தியோ?” என்றேன், கூட வந்த நண்பனிடம்.

“வந்து பாருடா, தெரியும்” என்றான்.

தெரிந்தது. 1264-ல் மூன்றாம் ஹென்றி ராஜாவை இந்த ஊரில் வைத்துத்தான் சைமன் டி மான்ட்ஃபோர்ட் என்கிற பிரபு போரில் மடக்கிப் பிடித்தார். பிற்பாடு, 1768 முதல் 1774 வரை இங்கே கலால் அதிகாரியாக வேலை பார்த்தவர் தாமஸ் பெயின். அமெரிக்க சுதந்திரத்துக்கும் பிரெஞ்சுப் புரட்சிக்கும் பேனா பிடித்த அதே பெயின்தான். அவருடைய ஆரம்பகால எழுத்து என்ன தெரியுமா? கலால் அதிகாரிகளுக்குச் சம்பளம் போதவில்லை என்று 1772-ல் எழுதிய மனு! வழக்கம் போல மனு குப்பைக்கூடைக்குப் போனது. 1774-ல் மனிதரின் வேலையும் போனது. சம்பள விஷயத்தில் இந்த மண் அப்போதிருந்தே பொல்லாதது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

மைதானம் நிஜமாகவே தட்டு மாதிரிதான். தரை பள்ளத்தில் கிடக்க, சுற்றிலும் புல் மூடிய மேடு. பக்கத்தில் 11-ம் நூற்றாண்டில் எழும்பிய மடாலயத்தின் இடிபாடுகள். எட்டாம் ஹென்றி காலத்தில் இடித்துத் தள்ளினார்கள். மிச்சம் இருந்ததையும் விடவில்லை. 1845-ல் அதன் குறுக்கே ரயில் பாதை வெட்டியபோது, மடத்தைக் கட்டிய பிரபுவும் மனைவியும் எலும்புகளாக ஈயப்பெட்டிகளில் கிடைத்தார்கள். மடத்துச் சாமியார்கள் உப்புக் காய்ச்சிய பாத்தி இது என்று ஒரு கட்சி. பக்கத்து மண்மேட்டை எழுப்ப மண் தோண்டிய பள்ளம்தான் என்று இன்னொரு கட்சி. எதுவானாலும், கோல் கீப்பர் நிற்கும் இடத்துக்கு இவ்வளவு வரலாறு அதிகம்.

கிளப் பிறந்தது 1885-ல். செல்லப்பெயர் ‘ரூக்ஸ்’. ரூக் என்பது நம் காக்காவுக்குப் பங்காளி முறை. சட்டை சிவப்பும் கறுப்பும்.

இங்கே கொஞ்சம் கணக்கு. இங்கிலாந்துக் கால்பந்தில் மேலே இருக்கிற நான்கு படிகளில் 92 கிளப்புகள். அதற்குக் கீழே உள்ள அத்தனை பேருக்கும் ஒரே பெயர்: ‘நான்-லீக்’. மேலே இருப்பவன் பங்களாவும் பென்ஸுமாக இருக்க, கீழே ஆடுகிறவர்களில் பலர் வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு சனிக்கிழமை பூட்ஸ் மாட்டுகிறவர்கள். ஆபீஸ் பாஷையில் சொன்னால் தற்காலிக ஊழியர்கள்.

ஆனால் ஒரு சலுகை உண்டு. பெரிய லீக் ஆட்டங்களில் மைதானம் கண்ணில் படுகிற இடத்தில் உட்கார்ந்து பீர் குடிக்கக் கூடாது என்று 1985-ல் சட்டம் போட்டுவிட்டார்கள். இந்தக் கீழ்ப்படிகளுக்கு அது கிடையாது. உள்ளூர் ஹார்வீஸ் பீரைக் கையில் பிடித்தபடி, புல்மேட்டில் நின்று ரெஃப்ரீயைத் திட்டலாம். பணக்கார கிளப்புகளில் வி.ஐ.பி.க்களுக்குக் கண்ணாடி அறை இருக்கும். இங்கே அதற்குப் பதிலாக, கடற்கரையில் துணி மாற்றும் மரக்குடில்களைக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள்! சிரிப்பு வருகிறது. ஆனால் வி.ஐ.பி.க்கு இதுவே போதும் என்றுதான் தோன்றியது.

இந்த கிளப் ஒரு தடவை கோட்டைவிடப் பார்த்தது. 2008-ல் சாம்பியன் ஆகி, ஐந்தாம் படிக்கு ஏறினார்கள். அவ்வளவு உயரம் அதுவரை போனதில்லை. ஏறிய கையோடு, ஜெயித்துக் கொடுத்த மேனேஜரை வீட்டுக்கு அனுப்பினார்கள். (நம்ம ஆபீஸ்களில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.) ஆட்டக்காரர்களும் கலைந்தார்கள். மறு வருஷமே சறுக்கல். கடன் கழுத்துக்கு வந்தது. 2010-ல் உள்ளூர்க்காரர்கள் ஆறு பேர் சேர்ந்து கிளப்பை எடுத்து, ஊர்ச்சொத்தாக ஆக்கினார்கள். யார் வேண்டுமானாலும் பங்கு சேரலாம். ஆயிரம் கொடுத்தாலும் ஒரு ஓட்டு, பத்து கொடுத்தாலும் ஒரு ஓட்டு.

அப்புறம் 2017-ல் செய்ததுதான் அசல் கொழுப்பு. ஆண்கள் டீமுக்கு எவ்வளவு செலவோ, பெண்கள் டீமுக்கும் அவ்வளவே என்று அறிவித்தார்கள். சம்பளம் வாங்கி ஆடுகிற கிளப்புகளில் உலகத்திலேயே இதைச் செய்த முதல் கிளப் இதுதான்.

இதன் கனம் புரிய, பழைய கதை ஒன்று. 1920 டிசம்பரில் லிவர்பூலில் நடந்த பெண்கள் ஆட்டத்துக்கு 53,000 பேர் திரண்டார்கள். அடுத்த டிசம்பரில் கால்பந்து சங்கம், உறுப்பினர் மைதானங்களில் பெண்கள் ஆடவே கூடாது என்று தடை போட்டது. தடை நீங்க ஐம்பது வருஷம் ஆனது. 2021-ல்கூட எஃப்.ஏ. கோப்பை ஜெயித்த ஆண்களுக்குப் பரிசு 18 லட்சம் பவுண்டு, பெண்களுக்கு 25,000. எழுபத்திரண்டு மடங்கு வித்தியாசம்! இதை மாற்றச் சொல்லி ஓயாமல் குரல் கொடுத்தது லூயிஸ். 2022-ல் பெண்களுக்கான மொத்தப் பரிசை 30 லட்சமாக உயர்த்தினார்கள். பெயினின் மனுவைவிட இது கொஞ்சம் தேவலை.

2023-ல் லூயிஸ் பெண்கள், கோப்பையில் காலிறுதி வரை வந்தார்கள். எதிராளி மான்செஸ்டர் யுனைடெட்! ஆட்டம் இதே தட்டில். 3-1 என்று தோற்றார்கள். ஆனால் அந்த ஒரு கோல் இருக்கிறதே...

கதை இங்கே முடிந்தால் சினிமா. நிஜத்தில், 2024-ல் அந்தப் பெண்கள் டீம் இரண்டாம் படியிலிருந்து இறங்கியது. பெரிய கிளப்புகள் பெண்கள் டீமில் கோடிகளைக் கொட்ட ஆரம்பித்த பிறகு, இருப்பதைச் சமமாகப் பிரித்துக்கொள்கிறவர்கள் ஓடிப் பிடிப்பது கஷ்டம். நியாயமாக நடந்தால் ஜெயிப்போம் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நியாயத்துக்கும் மாசாமாசம் பில் வரும்.

“ஒரு டீமுக்குக் குறைச்சு இன்னொண்ணுக்குக் கூட்டிக் குடுத்தா ஜெயிச்சிருக்கலாம் இல்லே?” என்று நண்பனைக் கேட்டேன்.

“ஜெயிக்கலாம். எந்த டீமுக்குக் குறைக்கிறதுன்னு நீ சொல்லு” என்றான்.

ரயில் வரும்வரை யோசித்தேன். பதில் வரவில்லை, ரயில் வந்துவிட்டது.